சுண்டுவிரல் மை

காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிய ஊதாக் கறை, பொழுது சாயும் நேரத்தில் கதவில் மறுபடியும் இருந்தது. ஒரு சின்ன விரலைத் தோய்த்து இழுத்த அகலம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம். லுசுங்குவின் வீட்டில் அந்த உயரத்தில் இப்போது யாரும் இல்லை. கைக்குழந்தை தெம்வா இன்னும் நிற்கவே பழகவில்லை.

மலாவி ஏரியிலிருந்து குங்குப் பூச்சிகள் கரும்புகையாக எழுந்து கரைப்பக்கம் வந்துகொண்டிருந்தன. அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். உள்ளே காய்ந்த உசிபா மீனின் கவிச்சி, மண்ணெண்ணெய் வாடை, தகரக் கூரையில் பூச்சிகள் மோதும் சரசரப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில், மூலையில் கவிழ்த்திருந்த பெரிய மீன்கூடைப் பக்கமிருந்து வேறொரு சத்தம், யாரோ அழுது முடித்து மூக்கை உறிஞ்சுவதைப் போல. எலிதான் என்று சொல்லிக்கொண்டாள்.

முன்பெல்லாம் அவள் இப்படிப் பயந்தவள் அல்ல. அவள் கணவன் வொங்கானி ஜெபவீட்டில், வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அர்த்தம் சொல்பவன். குங்கு எழும்போதெல்லாம், பாதாளக் குழி திறந்துவிட்டது, வேதம் சொன்ன புகை இதுதான் என்பான். "அந்தப் பூச்சிப் புகையைப் பிடிச்சு அடை தட்டிக் கொடுத்தா மட்டும் ரெண்டாவது கேக்கறீங்க" என்று அவள் வாரிவிடுவாள்; அவனும் சிரித்துவிடுவான். போன மழைக்காலத்தோடு அந்தச் சிரிப்பெல்லாம் போயிற்று.

அப்போதுதான் தட்டம்மை ஊசி போட வந்தார்கள். ஊசி போட்ட பிள்ளைக்கு அடையாளமாக இடது சுண்டுவிரலில் ஊதா மை. அது மிருகத்தின் முத்திரை, கடைசி நாளில் சாத்தான் தன் ஆட்களுக்குப் போடும் குறி, அதை வாங்கியவர்களுக்கு நரகம்தான் என்றான் வொங்கானி. முத்திரை வலது கையிலோ நெற்றியிலோ என்றுதானே எழுதியிருக்கிறது, இது இடது கையாயிற்றே என்று லுசுங்கு கேட்டாள். சாத்தான் சின்ன விரலில்தான் தொடங்குவான் என்றான். அவள் நம்பினாள். ஐந்து வயது மூத்தவள் தாவோங்காவை ஊசிக்காரர்கள் கண்ணில் படாமல் இதே கூடைக்கடியில் உட்காரவைத்து, மேலே வலையைப் போட்டு மூடினாள். பிள்ளை பயந்து அழவில்லை. தோழிகளெல்லாம் விரலைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள், எனக்கும் பூசச் சொல்லும்மா என்றுதான் அழுதாள். அந்த மழை ஓய்வதற்குள் அம்மை அவளைக் கொண்டுபோய்விட்டது. பெற்ற வயிறு இன்னும் ஆறவில்லை.

இப்போது ஊரில் மறுபடியும் அம்மை. நாளை ஊசிக்காரர்கள் வருகிறார்கள். தெம்வாவையும் கூடைக்கடியில் வைக்கச் சொல்லிவிட்டு வொங்கானி ஜெபத்துக்குப் போயிருந்தான். வைத்தால் பிள்ளை போய்விடும். வைக்காவிட்டால், அவன் சொல்வதுபோல், பிள்ளையின் ஆத்துமா போய்விடும். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

உறிஞ்சும் சத்தம் நின்றது. ஈரமான இருமல் ஒன்று கேட்டது. அவளுக்குத் தெரிந்த இருமல். பாயில் தூங்கும் குழந்தையிடம் ஓடி விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.

தெம்வாவின் இடது சுண்டுவிரல் ஊதாவாக இருந்தது. மை காயவில்லை.

கதவு தட்டப்பட்டது. வொங்கானி. உள்ளே வந்ததும் அவன் கண் விரலில்தான் விழுந்தது.

"யார்கிட்ட கொண்டுபோனே?"

"யார்கிட்டயும் போகலை. தாழ் போட்டுட்டு உள்ளேயேதான் இருந்தேன்."

அவன் மணலை அள்ளித் தேய்த்தான். குழந்தை வீறிட்டது. தோல் கிழிந்தது. மை போகவில்லை. அழுதுகொண்டே மீன் வெட்டும் கத்தியை எடுத்தான். முழுக் கையோடு நரகத்துக்குப் போவதைவிட, ஊனத்தோடு பரலோகம் போகட்டும் என்று முணுமுணுத்தான். அவன் கொடுமைக்காரன் அல்ல. அவளுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

லுசுங்கு குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்தாள். சுவரோடு ஒட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் நிமிர்ந்தது.

"தாவோங்கா அப்பா." பிள்ளை செத்ததிலிருந்து அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "உங்க நெத்தியைத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். கையைப் பார்த்தான். ஊதா.

"அதை எப்படி வெட்டுவீங்க?"

கத்தி நழுவி விழுந்தது.

மறுபடியும் இருமல். மூலையில். கூடையின் விளிம்பு மெல்ல உயர்ந்தது.

ஒரு கை வெளியே வந்தது. சின்னக் கை. இடது கை. தோளிலிருந்து விரல் வரை அம்மைத் தடிப்பு. மை படிந்த மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, மை படாத சுண்டுவிரலை மட்டும் அம்மா பக்கம் நீட்டி, அது காத்திருந்தது.