முப்பது காட்டிய திரை

முந்தல் ஊருக்கு அப்பால், கடல் நீர் ஏறும் களப்போரத்தில், இறால் குஞ்சு வளர்க்கும் ஹெச்சரியின் முன்னறை. காலை எட்டரை. வாசலோரக் கதிரையில் முதலாளி நூர்தீன் ஹாஜியார், மடியில் போன். சுவரோடு போட்ட வாங்குப் பலகையில் அவருடைய மருமகன் இன்ஷாப். நடுவில் சப் இன்ஸ்பெக்டர் சாரங்கன். இராக் காவல்காரர் உசனாருக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை. இறால் தீன் மூடையில் குந்தியிருந்தார்.

உள்ளே, தொட்டியின் அடியில் இரண்டு இலட்சம் இறால் குஞ்சுகள் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

"தொட்டி ஹீட்டர நிப்பாட்டிட்டுப் படுத்திருக்கான்," என்றார் நூர்தீன். "எல்லா ஹெச்சரிக்கும் கோல் எடுத்துச் சொல்லிட்டன். இனி இந்தக் கரையில இவனுக்கு வேலை இல்ல."

"நான் கண் மூடல்ல சேர். ராவு முழுக்கத் திரை முப்பதுக்குக் கீழ இறங்கல்ல," என்றார் உசனார்.

"தண்ணியத் தொட்டுப் பாக்கேல்லயோ?" சாரங்கன் கேட்டார்.

"தொட்டியில கை போடப்படாது. நோய் வருமாம். இன்ஷாப் தம்பிட சட்டம்."

திரை பொருத்திய அந்தப் பெட்டியும் இன்ஷாபின் கைவேலைதான். தண்ணீருக்குள் வெப்பச் சென்சர். அதை வாசிக்கும் சின்னக் கணினிப் பலகை. எண்ணைக் காட்டும் திரை. முப்பது பாகைக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் தானாக வேலை செய்யும்.

"சூடு குறைஞ்சத முதல்ல கண்டது ஆர்?" என்றார் சாரங்கன்.

"நான்தான்," என்றார் நூர்தீன். "சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, போன எடுக்க உள்ள போனன். எடுத்திட்டுத் திரும்பினா திரையில இருபத்தஞ்சு."

"உசனார், அதுக்குச் சற்று முன்னம்?"

"முப்பது சேர். ஹாஜியார் உள்ள வரக்குள்ளயும் முப்பது."

"வாய் கூசாமச் சொல்றான் பாருங்க."

சாரங்கன் எழுந்து உள்ளே போய்த் தொட்டியை அளவெடுப்பதுபோல் பார்த்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். "இவ்வளவு தண்ணி ஒரு கணத்தில அஞ்சு பாகை குளிராது, ஹாஜியார். அப்ப மாறினது தண்ணியில்லை, எண். போன் ஏன் இங்க கிடந்தது?"

"ராவு மழைக்குக் கரண்ட் போயிட்டு. ஜெனரேட்டர் லைன் இங்க மட்டும்தானே. சார்ஜ் போட்டன்."

"எதில?"

நூர்தீன் கைகாட்டினார். பலகைக்கு மின் கொடுக்கும் அதே மலிவுச் சார்ஜர். அதில் இரண்டு துளை.

சாரங்கன் கண்ணாடி வெப்பமானியைத் தண்ணீரில் விட்டார். இருபத்தேழு. திரையிலும் இருபத்தேழு, ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ராத்திரி மாதிரியே போனைச் சார்ஜரில கொழுவுங்கோ."

நூர்தீன் கொழுவினார். திரை முப்பதைத் தாண்டி முப்பத்திரண்டில் நின்றது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. வெப்பமானி அசையவில்லை.

இன்ஷாப் குனிந்து சார்ஜரைப் பார்த்தான்.

"சென்சர் தாறது மெல்லிய வோல்ட்," என்றார் சாரங்கன். "பலகை அதைத் தனக்கு வாற அஞ்சு வோல்ட்டோட ஒப்பிட்டுத்தான் எண்ணாக்குது. போன் இழுக்க அந்த அஞ்சு நாலேகாலுக்கு இறங்கிட்டுது. முழம் கட்டையானால் துணி நீளமாத் தெரியும்தானே? இருபத்தஞ்சு முப்பதாத் தெரிஞ்சுது. தண்ணி குளிரக் குளிர ஹீட்டர் சும்மா இருந்தது. குஞ்சுகளைக் கொன்றது உங்கட போன், ஹாஜியார்."

"அஞ்சு வோல்ட் மாறாதெண்டு நம்பிப் புரோகிராம் எழுதிட்டன் மாமா," என்றான் இன்ஷாப், தரையைப் பார்த்தபடி.

நூர்தீன் போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "உசனார், எல்லாருக்கும் திரும்பக் கோல் எடுத்துச் சொல்றன்," என்றார்.

"வேணாம். உங்கட கையால எழுதித் தாங்க. எல்லா முதலாளிமாரும் இருக்கிற இறால் சங்கத்துக்கு," என்றார் உசனார்.

நூர்தீன் எழுதினார். பிழை தன்னுடையது, உசனார் உறங்கவில்லை என்று இரண்டே வரி. உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். இன்ஷாப் அதை வாங்கி மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

"இண்டைக்கு ராவு வருவீங்கதானே?" நூர்தீன் கேட்டார்.

"முதல்ல கடிதம் போய்ச் சேரட்டும்," என்றார் உசனார்.