கூழ்க்குண்டான் ஏறிய மஞ்சள் கார்

முதலில் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் கார் வந்தது.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கடையின் முன்னால் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு நின்றது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. உயரமோ, ஆறாம் வகுப்புப் படிக்கும் நிலாவின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

"நைனா! ரஞ்சனி டீச்சர் வீட்டு அண்ணன் வந்திருக்காங்க!" என்று கத்தினாள் நிலா.

அவளுடைய அப்பா சிவசங்கர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். கார்களுக்கான சீட் கவர், ஹாரன், கண்ணாடி துடைக்கும் துணி எல்லாம் விற்கும் கடை அது. பின்பக்கம்தான் வீடு.

"இன்னா ஆதவா, தரையோட தரையா வர்றியே! எறும்புக்காவது வழி விட்டியா?"

ஆதவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். அவன் சென்னையில் வேலை பார்ப்பவன். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறு என்பதால் ஊருக்கு வந்திருந்தான். யாரோ ஓட்டிய பழைய காரைப் போன மாதம்தான் ஆசையாக வாங்கியிருந்தான்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. வண்டி சூப்பரா ஓடுது. பெட்ரோலைத்தான் மடக்கு மடக்குனு குடிக்குது."

நைனாவின் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலையும் வைத்தார்.

"இது மைலேஜ் பெட்டி. வண்டியில போன் சார்ஜ் போடுற துளை இருக்குதுல்ல, அதுல சொருகினா போதும். பெட்ரோல் மிச்சமாகும். அந்த பாட்டில்ல இருக்குறது இன்ஜினுக்கு ஊத்துற மருந்து. புதுசா ஏஜென்ட் கொண்டாந்து குடுத்தாரு."

"நிஜமா வேலை செய்யுமாண்ணே? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு மட்டும் இல்ல, ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிற என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் சேத்தே வாங்கிடுவேன்."

'சிவசங்கர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.' ஊரில் பலர் இப்படிச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் நிலாவுக்குக் காதில் தேன் ஊற்றியதுபோல இருக்கும்.

நைனா பொய் சொல்பவர் அல்ல. ஏஜென்ட் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார். ஆனாலும், "நான் எதுக்குச் சொல்லணும்? நீயே ஓட்டிப் பாரு. கோட்டை வாசல் வரைக்கும் போயிட்டு வரலாம். ஒரு தடவை பெட்டி இல்லாம, ஒரு தடவை பெட்டியோட" என்றார்.

முதல் தடவை நைனா கூடப் போனார். கார் அம்புபோலப் பாய்ந்தது. சாலையோரம் நின்ற பையன்கள் கை காட்டியதும் ஆதவன் இன்னும் அழுத்தினான். வேகத்தடையைக் கண்டதும் சடாரென்று நிறுத்தினான். அதைத் தாண்டியதும் மறுபடியும் பாய்ச்சல்.

திரும்பி வந்தபோது காரின் சின்னத் திரையில், ஒரு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று காட்டியது.

நைனா கதவைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். முடியவில்லை. நிலா கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெணத்துல இருந்து ஏர்றா மாதிரி இருக்குது, சாமி! அடுத்த தடவைக்கு நீ போ நிலா. உக்காந்ததும் இந்தப் பெட்டியைச் சொருகிடு. மறக்காதே."

நிலா துள்ளிக் குதித்து ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பெட்டி அவள் கையில் இருந்தது. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அம்மா அமிர்தவல்லி ஓடி வந்தாள். அவள் கையில் ஒரு குண்டான் நிறையக் கேழ்வரகுக் கூழ். குண்டானின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது.

"ஏம்பா ஆதவா, கோட்டைக்குப் போற வழியிலதானே அம்மன் கோயிலு? எங்க வீட்டுக் கூழையும் அங்க இருக்குற பெரிய கொப்பரையில ஊத்திட்டு வந்துடுங்க. அம்மனுக்குப் போற கூழு, ஒரு சொட்டு கூட கீழ சிந்தக் கூடாது!"

குண்டானை நிலாவின் மடியில் வைத்துவிட்டாள். நிலா இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கார் எப்படிப் போனது தெரியுமா? தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோலப் போனது. வேகத்தடை தூரத்தில் தெரிந்தபோதே ஆதவன் வேகத்தைக் குறைத்தான். மெல்ல ஏறினான், மெல்ல இறங்கினான். ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது.

"ஆதவண்ணா, சைக்கிள் நம்மள ஓவர்டேக் பண்ணிடுச்சு!"

"போனா போகுது. நீ கூழைப் பாரு!"

கோயிலில் எல்லா வீட்டுக் கூழும் ஒரே கொப்பரையில் கலந்தது. நிலாவும் ஊற்றினாள். கண்ணை மூடி, 'தாயே, நைனா கடையில வியாபாரம் நல்லா நடக்கணும்' என்று வேண்டிக்கொண்டாள். கலந்த கூழைக் குண்டான் நிறைய வாங்கிக்கொண்டு ஏறினாள். கோட்டை வாசலைத் தொட்டுவிட்டு, வந்த மாதிரியே மெல்லத் திரும்பினார்கள்.

கடை வாசலில் நைனாவோடு தெருக்காரர்கள் சிலரும் கூடியிருந்தார்கள். ஆதவன் திரையைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே! பதினாலு!"

"பாத்தியா! நான் சொல்லல?" நைனா பையனைப்போலக் கை தட்டினார். ஆதவன் நண்பர்களுக்குச் சொல்லப் போனை எடுத்தான்.

நான் வேண்டியது அம்மனுக்குக் கேட்டுவிட்டதே என்று நிலா மகிழ்ந்தாள். இறங்குவதற்காக மடியிலிருந்த குண்டானைத் தூக்கினாள்.

இருக்கை இடுக்கில், தொடையோரம் ஏதோ உறுத்தியது.

மைலேஜ் பெட்டி! அதை அவள் சொருகவே இல்லை.

நிலாவுக்கு முகம் வாடிப்போனது. சொல்லாவிட்டால், ஆதவண்ணா ஏமாந்து போவார். இங்கே நின்று சொன்னால், இத்தனை பேர் முன்னால் நைனா தலை குனிந்து நிற்க வேண்டும்.

அவள் பெட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டு நைனாவின் சட்டையை இழுத்தாள்.

"நைனா, உள்ள வா. சாமிக் கூழ் ஒரு வாய் குடிச்சிட்டு அப்புறம் பேசலாம்."

"இரு நிலா, வியாபாரம்..."

"கொஞ்சம் வா நைனா."

உள்ளே வந்ததும் நிலா கையை விரித்தாள். நைனா பெட்டியைப் பார்த்தார். நிலாவைப் பார்த்தார்.

"சொருகலையா?"

"மறந்துட்டேன் நைனா. கூழு சிந்தக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம் எப்படிப் பதினாலு வந்துச்சு?"

"ஆதவண்ணா ரொம்ப மெதுவா ஓட்டினாங்க."

 நைனா கூழை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நடந்ததை ஆதவனிடம் அவரே சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி.

தெருவே சிரித்தது. யாரைப் பார்த்தும் அல்ல, கூழை நினைத்துத்தான் சிரித்தது.

"இன்னொரு தடவை போலாம்ணே. இந்தத் தடவை பெட்டியும் இருக்கட்டும், குண்டானும் இருக்கட்டும்" என்றான் ஆதவன்.

போனார்கள். பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. திரும்பி வந்தபோது திரையில் அதே பதினாலு.

"பெட்டி வெளக்கு மட்டுந்தான் எரியுது" என்றார் நைனா. "மைலேஜ் குடுத்தது கூழுதான்!"

"அப்போ இந்த மருந்துண்ணே?"

நைனா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டிக்குக் காய்ச்சலா, இருமலா?" என்று கேட்டாள் நிலா.

"அதெல்லாம் இல்ல, நல்லா இருக்குது" என்றான் ஆதவன்.

"அப்போ மருந்து எதுக்கு?"

"அதான?" என்று சொல்லி நைனா பாட்டிலை உள்ளே வைத்தார். "கம்பெனி சொன்ன ஆயிலை நேரத்துக்கு மாத்து, ஆதவா. டயர்ல காத்து சரியா இருக்குதான்னு பாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஆதவன் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் நைனாவின் முகம் தெளியவில்லை. மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க நைனா?"

"பால் வண்டி தனகோட்டிக்கு ஒரு பெட்டி குடுத்துட்டேன் நிலா. போய்ச் சொல்லணும்."

"நானும் வர்றேன்."

தனகோட்டி வீட்டு வாசலில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வா சிவசங்கர்! அந்தப் பெட்டி அபாரம்பா! வண்டி நல்லா மைலேஜ் குடுக்குது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

 நிலா நைனாவின் விரலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"இல்லண்ணே" என்றார் நைனா மெல்ல. "நான் சொன்னது தப்பு. அது வேலை செய்யல. அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. பதிலுக்குக் கடையில எது வேணுமோ எடுத்துக்குங்க."

தனகோட்டி தலையைச் சொறிந்தார். "மைலேஜ் வருதேப்பா?" என்றவர் சட்டென்று சிரித்துவிட்டார். "அட! பெட்டி போட்டதுல இருந்து மைலேஜ் ஏறுதா ஏறுதான்னு பாத்துக்கினே மெதுவா ஓட்டுறேன்! அதான் விஷயமா?"

பெட்டியை எடுத்து வர அவர் வண்டியை நோக்கி நடந்தார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தனகோட்டியின் மனைவி குஞ்சம்மாள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"அதுல கை வெக்காதீங்க! இருக்கட்டும்!"

"அது வேலை செய்யாதுக்கா" என்றார் நைனா.

"யாரு சொன்னது? மெதுவா ஓட்டுங்கன்னு நான் இத்தனை வருஷமா கத்துறேன், காதுல போட்டுக்கினாரா? இந்தப் பெட்டி வாயே தொறக்கல, கேக்குறாரு! தினம் வண்டி போனா வயித்துல நெருப்பு கட்டிக்கினு இருப்பேன். இப்பத்தான் நிம்மதியா இருக்கேன். தர மாட்டேன் போ!"

தனகோட்டி விழித்தார். நைனா நிலாவைப் பார்த்தார். நிலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வந்துவிட்டது.

திரும்பும் வழியில் நைனா கேட்டார், "இன்னா நிலா இது? வேலை செய்யாதுன்னு சொல்லியும் தர மாட்டேங்குறாங்களே!"

"நீ உண்மையைச் சொல்லிட்டல்ல நைனா? இனிமே அது அவங்க இஷ்டம்."

நைனா ஒரு கணம் நின்று யோசித்தார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.