பேர் சொல்லாமல் கூப்பிட்டது

வாசல் மிதியடியில் கறுப்பு மண் கிடந்தது.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் லோரன்ஸ் அதைக் கண்டார். இரண்டு கைப்பிடி இருக்கும். ஈரம். விரலால் நசுக்கினால் உமிக்கரி மாதிரி நொறுநொறுவென்று உடைந்தது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இப்படி மண் கிடையாது. முப்பது வருசமாக இந்த ஊர்ச் சேற்றை மிதிக்கிற மனுசனுக்கு அது தெரியாதா? இது எரிந்த மண். அந்தத் தீவின் மண்.

தன்னுடைய சப்பாத்தில் ஒட்டி வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதை நம்பவும் பார்த்தார், பாவம். ஆனால் அவர் தீவிலிருந்து திரும்பி மூன்று கிழமை ஆகிவிட்டது. அந்தச் சப்பாத்தையோ விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுத்தான் ஏறினார். தும்புத்தடியை எடுத்துக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினார். மணி நாலாகவில்லை. நவம்பர் மாதம், அதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

மகன் றொனிஷனுக்கு இருபத்துநாலு வயது. சைக்கிள் பைத்தியம். டென்மார்க்கில் மலை எங்கே இருக்கிறது? இவர்கள் வானமலை என்று பெயர் வைத்துப் பெருமைப்படுவது நூற்று நாற்பத்தேழு மீற்றர்தான். அதன் அடிக்காட்டுக்குள்ளே மவுண்டன் பைக்கை உருட்டி உருட்டி அவனுக்கு அலுத்துவிட்டது. மே மாதம் கூட்டாளி சுஜனோடு கனேரித் தீவுகளில் ஒன்றுக்குப் போனான். எரிமலைகள் வரிசையாய் நிற்கிற தீவு. முதுகெலும்பு மாதிரி நீண்ட ஒரு மலைமுகட்டில் நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, இரண்டும் ஒரு மரக்கம்பத்தடியில் பிரியும். நாலாம் நாள் சுஜனுக்கு முழங்கால் வீங்கிவிட, இவன் தனியே ஏறினான். கம்பத்தடியில் நடைபாதைப் பக்கம் திரும்பியிருக்கிறான். மேகம் இறங்கியது. அவ்வளவுதான்.

சைக்கிள் கிடைத்தது. விழுந்து கிடக்கவில்லை. ஒரு பைன் மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. தலைக்கவசம் கைபிடியில் ஒழுங்காகத் தொங்கியது. பதினொரு நாள் தேடினார்கள். பொலிஸ், நாய், ஹெலிகொப்டர், ஊர்ச்சனம். எல்லாரும் "றொனிஷன், றொனிஷன்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

உடல் இல்லாமல் என்ன செத்தவீடு? பாதர் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். மனைவி விமலராணி அதற்கும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை வாசலில் வைத்தே, "நீங்கள் பிரேதத்தைக் கண்டனீங்களோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு வீட்டில் கதைபேச்சு இல்லை. அவள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பாள். முப்பது வருசம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் லோரன்ஸ் தனியாளாகிப் போனார்.

இரவில் நித்திரை வராமல் கிடந்த நாட்களில்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை எப்படித் திரும்பிப் பார்ப்பான்? றொனிஷன் என்ற பேர் பள்ளிக்கூடத்துக்கு, பல்வைத்தியருக்கு, வரிக் காகிதத்துக்கு. வீட்டில் பிறந்த நாளிலிருந்து அவன் "தம்பி". தாயும் தகப்பனும் ஒருநாள்கூட வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. மலையில் விழுந்து, அடிபட்டு, மூளை கலங்கிக் கிடக்கிற பிள்ளைக்குப் பேர் மறந்திருக்கும். தம்பி மறக்குமா? இவ்வளவு சனமும் போய்ப் பிழையான பேரைக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறதே!

ஒக்டோபர் விடுமுறைக் கிழமையில் தனியே போனார். விமலராணிக்கு ஒஸ்லோவில் மச்சானைப் பார்க்கப் போவதாகப் பொய் சொன்னார்.

ஐம்பத்தெட்டு வயதில், தொழிற்சாலைச் சீமெந்தில் நின்று தேய்ந்த முழங்காலோடு அந்த மலை ஏறுவது சும்மா வேலையா? இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிற கறுப்புச் சரளை, காலடியில் கண்ணாடி அரைபடுகிற மாதிரிச் சத்தம், வெயிலில் காய்ந்த பைன் பிசினோடு அடுப்படிச் சாம்பல் கலந்த வாசம், கைபேசியில் மகன் போன வழியைக் காட்டும் நீலக்கோடு, அந்தக் கோடு திடீரென்று நிற்கிற இடம். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது கிழக்குப் பக்கமிருந்து மேகம் ஏறி, பால் பொங்குகிற மாதிரி முகட்டுக்கு மேலால் வழிந்து, மரங்களையும் பாதையையும் அவருடைய கைகளையும் மூடியது. அவர் வாயில் இரண்டு கையையும் குவித்துக் கூப்பிட்டார்.

"தம்பீ!"

பைன் ஊசிகளில் இருந்து தண்ணீர் சொட்டியது. மூன்று தரம் கூப்பிட்டார். நாலாம் தரம் கீழே, வெள்ளைக்குள்ளே இருந்து, கிட்டத்தான் என்று சொல்லலாம், பதில் வந்தது.

"ஓம்."

ஐயோ, அந்த மனுசன் அழுத அழுகை! விழுந்து எழும்பி, சரிவில் உருண்டு, "தம்பி, வா ராசா, வீட்டை வா, அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா" என்று கத்திக் கத்திக் கூப்பிட்டார். பின்னேரம் முழுக்கக் கூப்பிட்டார். குரல் அடைத்துக் காற்று மட்டும் வரும்வரை கூப்பிட்டார். மேகம் விலகியபோது ஒருவரும் இல்லை. கறுப்புச் சரிவு வெறுமையாகக் கிடந்தது. அவர் இறங்கி வந்து, விமானம் ஏறி, ஒருவரிடமும் சொல்லாமல் அடுத்த நாள் வேலைக்குப் போனார்.

இப்போது வீட்டுக்குள் புட்டு அவியும் மணம் வந்தது. குசினியில் விமலராணி ஏதோ மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் பாட்டுக் கேட்பது இதுதான் முதல்தரம். லோரன்சுக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகள் இருந்தன.

"பிள்ளை வாறாளோ?" என்று கேட்டார். மகள் ஸ்ரெபானி ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள்.

"தெரியாது."

"அப்ப மற்றக் கோப்பை ஆருக்கு?"

"பசிச்சு வாறவைக்கு" என்றாள் திரும்பிப் பாராமலே. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி நிரம்பியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பானையில் இன்னும் மாவு. மூன்று பேருக்குக் குழைத்த மாவு அல்ல அது.

அப்போது வீட்டு வளவின் பின்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. மிதிக்காமல் விட்ட சைக்கிளின் பின்சில்லில் வருமே, டிக் டிக் டிக் டிக் என்று, அது. றொனிஷன் வீட்டுக்கு வரும்போது தெருமுனையில் மிதிப்பதை நிறுத்திவிட்டு உருண்டு வருவான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இவள் குழம்பைச் சூடாக்குவாள்.

லோரன்ஸ் பின்கதவால் இறங்கிச் சைக்கிள் கொட்டிலுக்குப் போனார். ஈர இலை மணத்துக்குள்ளே பைன் பிசினும் சாம்பலும் மணத்தன. சைக்கிள் தீவிலிருந்து வந்த நாளிலிருந்து தொங்குகிற கொழுக்கியிலேயே தொங்கியது. பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தளர்ந்து, டிக், டிக், பிறகு இன்னொரு டிக், நின்றது. தொட்டுப் பார்த்தார். ரயர் ஈரம். கறுப்பு மண் விரலில் ஒட்டியது.

மகளுக்குப் போன் எடுத்தார். அவள் ஹலோ சொல்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டினார். ஒஸ்லோ பொய், மலை, மேகம், கூப்பிட்டது, பதில் வந்தது. "தம்பி உயிரோடை இருக்கிறான் பிள்ளை. கூப்பிட்டனான், ஓம் எண்டு சொன்னவன். இப்ப இஞ்சை வந்திட்டான் போலை கிடக்கு."

ஸ்ரெபானி வழக்கம்போல டெனிஷில் கேட்டாள். "அண்ணா ஒருநாளாவது உங்களுக்கு ஓம் என்று பதில் சொல்லியிருக்கிறாரா?"

லோரன்ஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"யோசித்துப் பாருங்கள். நீங்கள் தமிழில் கூப்பிடுவீர்கள். அண்ணா டெனிஷில் 'யா' என்பார். நானும் அப்படித்தான். எங்கள் வாயில் ஓம் வந்ததே இல்லை. அதற்கு நீங்கள் எத்தனை தரம் ஏசியிருக்கிறீர்கள்!"

கொட்டில் கதவால் குசினி யன்னல் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம். விமலராணி குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கதிரையில் ஒரு முதுகு.

ஸ்ரெபானி தமிழுக்கு மாறினாள். அவள் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது. "அப்பா, நீங்கள் ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

புல் நனைந்திருந்தது. பத்து அடி. பின்கதவு. குசினி வாசல்.

அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மெலிந்த தோள். நனைந்து ஒட்டிய மயிர். நகங்களுக்குள் கறுப்பு. பதமாகக் குழைத்து, நாலு விரலால் அள்ளி, ஒரு பருக்கை சிந்தாமல். றொனிஷன் புட்டைக் கரண்டியால்தான் சாப்பிடுவான்.

முகம் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று மன்றாடினார். ஆனால் வாய் கேட்கவில்லை. அவ்வளவு ஏக்கம்.

"தம்பி."

"ஓம்" என்றது. அதே குரல். திரும்பவில்லை.

"றொனிஷன்."

கை நிற்கவில்லை. அடுத்த வாய் அள்ளியது. அந்தப் பேர் அதற்கு ஒன்றுமேயில்லை.

"அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ" என்றாள் விமலராணி. குழம்புக் கரண்டி கையில். முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அது எங்கடை பிள்ளையின்ரை பேர்."

"உனக்குத் தெரியுமோ?"

"பெத்தவளுக்குத் தெரியாதே? முந்தநாள் பின்னேரம் வந்து பின்கதவிலை நிண்டது. நடுங்கிக்கொண்டு. ஆரெண்டு கேட்டன். அப்பா கூப்பிட்டவர், வீட்டை வரச் சொன்னவர், அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா எண்டவர் எண்டுது. உங்களுக்குச் சொல்லாமல் கொட்டிலுக்கை விட்டன்." அவள் அந்த நனைந்த தலையில் கையை வைத்தாள். "என்ரை பிள்ளை இல்லைத்தான். ஆரின்ரை பிள்ளையோ. எங்கையோ ஒருத்தி இதுக்கும் சோறு வைச்சுக்கொண்டு இருப்பாள். எப்பிடியப்பா துரத்திறது?"

லோரன்ஸ் மேசைக்குக் கிட்டப் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"என்ன?"

"தம்பி எண்டு. எத்தினை தரம்?"

அவர் எண்ணவில்லை. பின்னேரம் முழுக்க. குரல் அடைக்கும்வரை.

விமலராணி போய்க் கண்ணாடிக் கதவின் திரைச்சீலையை இழுத்தாள்.

சற்று முன் வெறுமையாகக் கிடந்த வளவு நிறைய நின்றார்கள். புல்லில், வேலியடியில், வேலிக்கு அப்பால் சைக்கிள் பாதையில், தெருவிளக்கு எட்டாத இடம்வரை. எல்லாம் இளந்தாரிகள். எல்லாம் நனைந்து. ஒருவன் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்தான். ஒருவன் இடுப்பில் சறம் கட்டியிருந்தான், வெறுங்கால். ஒருவன் நடைத்தடியைப் பிடித்திருந்தான், விரல்கள் தடியோடு வளர்ந்தது போல. ஒருவனுக்கு ஒரு பக்க முகம் முழுக்கக் கறுப்புச் சரளை பதிந்திருந்தது. தள்ளவில்லை. தட்டவில்லை. கூப்பிட்டு வந்த பிள்ளைகள் நிற்கிற மாதிரி நின்றார்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

லோரன்ஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். முதல் வரிசை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இல்லை. இரண்டாவது வரிசை. இல்லை. அங்கே ஒரு உயரம், ஒரு தோள். இல்லை. அதற்குப் பின்னால் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு இருட்டு. இருட்டுக்குள்ளும் நின்றார்கள்.

பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், முன்னால் நிற்பவர்களை உள்ளே விட வேண்டும்.

விமலராணி அடுப்பில் அடுத்த ஈடு புட்டை ஏற்றினாள்.

லோரன்ஸ் கதவைத் திறந்தார். குளிர் வந்தது. முதலாவது ஆள் மிதியடியில் காலைத் துடைத்தான். அவர் அவனுடைய ஈர நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இல்லை. விட்டுவிட்டு, அடுத்தவன் நாடிக்குக் கையை நீட்டினார்.