அடைத்த பூனைப் பொந்து

ஐப்பசி மழை... ராயபுரத்துக் கிடங்குத் தெருவில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சித்திரையில் ஓடிப்போன சனம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மாமாவின் அரிசிக் கிடங்கைத் திறக்கச் சாவியும் அரிக்கேன் விளக்குமாக வந்த மஜீது, கிடங்குச் சுவரில் காதை வைத்து நின்ற பெண்ணைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். நனைந்த முக்காடு... அதற்குள் இமைக்காத இரண்டு கண்கள். அவன் பார்வை தானாக அவள் காலுக்குப் போனது.

"காலு கீது. நல்லா பாத்துக்கோ," என்றாள்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் கலீலுல்லாவின் மகள், அஜீசா. தெருவே ஓடியபோதும் ஓடாத குடும்பம். கதவடியில் இருந்த பூனைப் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்த புண்ணியவான் யாரென்று கேட்டாள். திருடன் கை நுழையக் கூடாதென்று நான்தான் அடைத்தேன், அதிலென்ன தப்பு என்று மஜீது முறைத்தான். அந்தத் தெருவில் எந்தக் கிடங்கானாலும் பூனைக்கு ஒரு வழி விட்டுத்தான் கதவு வைப்பார்கள். ஓடுகிற அவசரத்தில் இந்த மஜீதுக்கு மட்டும் புத்தி அதிகமாக வேலை செய்துவிட்டது.

"பூனைங்க வந்து வந்து பாத்துட்டு பூடுச்சுங்க. உள்ள ஒரு ஜோடி எலி போதாதா? குட்டி, குட்டிக்கு குட்டி... மழ பேயறாப்ல சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. அப்பால ஒண்ண ஒண்ணு கடிச்சிகினு கத்துச்சுங்க. இப்ப கொஞ்ச நாளா சத்தமே இல்ல. அதான் பயமா கீது."

எலிதானே என்று பூட்டைத் திறந்தான் மஜீது. விளக்கு வெளிச்சத்தில் தரை முழுக்க வெள்ளை. அரிசி சிந்திக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்று நிம்மதியாகக் குனிந்து அள்ளினான். கையில் வந்தவை சின்னச் சின்ன எலும்புகள்.

சாக்குகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. அரிசி தீர்ந்ததும் ஒன்றையொன்று தின்றிருக்கின்றன. மூலையில் ஒரு பெரிய எலி... ஓடவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அஜீசா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அந்தப் பயத்திலும் அவள் விரல்களின் சூடு அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாமா வந்தார். எலி இவ்வளவு தின்னுமா என்று அவர் நம்பவில்லை. இங்கேயே இருந்தவன் அந்தத் தையல்காரன்தானே, போலீசுக்குச் சொல்கிறேன் என்று தெருவே கேட்கக் கத்தினார். சன்னலில் அஜீசாவின் முகம் வெளுத்தது. பேசாமல் இருந்தால் மஜீதுக்கு மாமாவின் அரிசி மண்டியில் வேலையும் உண்டு, அவர் வீட்டில் இடமும் உண்டு. 'நீயா உண்மைய சொல்லப் போறே...' என்று அந்தக் கண்கள் கேட்டன.

"நான்தான் மாமு பொந்த அடைச்சேன். எலிய பெருக வுட்டது நானு. அவங்க ஒரு மணி அரிசிகூட தொடல."

மாமா சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினார். மஜீது கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் அவன் செங்கற்களைப் பெயர்த்தெடுத்தபோது அஜீசா பின்னால் வந்து நின்றாள். எங்கிருந்தோ ஒரு கறுப்புப் பூனையும் வந்தது. பொந்துக்குள் எட்டிப் பார்த்து, மயிர் சிலிர்த்து, உள்ளே போகாமல் நின்றது. உள்ளே எதுவோ பிராண்டியது.

"எனக்கு இப்ப வேலையும் இல்ல, வூடும் இல்ல," என்றான் அவன், திரும்பாமலே. "ஆனா உன்ன புடிச்சிருக்கு அஜீசா. பேயின்னு நெனச்சு பயந்தப்பவே புடிச்சிருந்துச்சு..."

பூனை இருட்டுக்குள் நுழைந்தது. ஒரே ஒரு கீச்சொலி. பிறகு ஒன்றுமில்லை. அஜீசா முதல் முறையாகச் சிரித்தாள்.

"எங்க அத்தாவாண்ட வந்து பொண்ணு கேளு. நான் சரின்னு சொல்றேன்... எங்க வூட்டாண்ட மட்டும் எதையும் அடைக்காத."