வீட்டுக்குப் போன பல்லி

திங்கட்கிழமை, காலை 6.10.

கதவு திறக்கவில்லை. பராமரிப்பாளர் விக் தோளால் முட்டினார். மூன்றாவது முட்டில் உள்ளே ஏதோ படீரென்று உடைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் லார்ச் தெரு சார்ட்டர் பள்ளியின் தாழ்வாரம் முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு ஐஸ். அதற்குள் வண்ணப் பென்சில்கள், ஒரு கணக்குத் தாள், யாரோ ஒரு பிள்ளையின் சிவப்பு பூட்ஸ். கூரையில் தீயணைப்புக் குழாய்கள் பதினோரு இடத்தில் வெடித்திருந்தன.

செயின்ட் பால் நகரில் அந்த வாரக் கடைசியில் மைனஸ் இருபத்தைந்து டிகிரி. கட்டிடத்தைச் சூடாக்கும் பாய்லரின் சுவிட்ச் அணைந்திருந்தது. அது லைட் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தப் புண்ணியவான் வைத்தானோ.

காலை 9.30.

காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் ரோலி வந்தார். இருபத்தாறு வருடம் போலீசில் துப்பறிந்தவர். கேட்கப்படும் தொகை நாலு லட்சம் டாலர். கைத்தவறு என்றால் பணம் வரும். வெளியாள் செய்த சதி என்றாலும் வரும். பள்ளியே வேண்டுமென்று செய்தது என்றால் ஒரு சென்ட் வராது, இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை. கைத்தவறாக இருக்கட்டும் என்று ரோலி மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அலுவலகச் சுவரில் ஒரு நோட்டீஸ்: மார்ச் ஒன்றுக்குள் குழாய்களை மாற்றாவிட்டால் கட்டிடத்தைப் பூட்டவேண்டும் என்று தீயணைப்புத் துறை எழுதியிருந்தது.

சாவி மூன்று பேரிடம்தான். முதல் ஆள் கட்டிட உரிமையாளர் பிளெஸ். இது மளிகைக்கடையாக இருந்த காலத்திலிருந்தே அவருடையது.

"இந்த இடத்தைக் கிடங்காக்க ஒருத்தன் ரெட்டை வாடகை தர்றேன்னானாமே?"

"ஆமா. அதுக்காக என் கட்டிடத்தை நானே உடைப்பேனா? வியாழக்கிழமையிலிருந்து ஃப்ளோரிடா வெயில்ல இருந்தேன். மூக்கைப் பாருங்க, தோல் உரியுது."

உரிந்துதான் இருந்தது. விமானச் சீட்டும் சரியாக இருந்தது.

காலை 11.00. விக்.

"வெள்ளிக்கிழமை எப்பக் கிளம்புனீங்க?"

"அஞ்சு மணிக்கு. உள்ள கதகதன்னு இருந்துச்சு. கடைசியா லைட்டை அணைச்சது நான்தான். கை தவறிப் பட்டிருக்கும் சார். எழுதிக்குங்க."

"சனிக்கிழமை வரலையா?"

"வழக்கமா வருவேன். இந்த வாரம் மேடம், வேலை ஒண்ணும் இல்ல, மீன் பிடிக்கப் போங்கன்னாங்க. உறைஞ்ச ஏரில ஓட்டை போட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் சிக்கல."

மேடம் என்றால் தலைமை ஆசிரியை மாய்சீ தாவ். பதினாறு வருடம் முன்பு இந்தப் பள்ளியைத் தொடங்கியவர். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எப்பக் கிளம்புனீங்க?"

"நாலு மணிக்கு. விக் இருந்தார்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அவரைத் திட்டாதீங்க. யாருக்கும் கை தவறும்."

அப்பாடா என்று இருந்தது ரோலிக்கு. படிவத்தில் 'கைத்தவறு' என்று எழுதி முடித்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

மதியம் 1.20.

போகிற போக்கில் ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். சூட்டு விளக்கின் கீழ் ஒரு கண்ணாடித் தொட்டி, காலியாக. நம் வீட்டுச் சுவரில் சும்மா ஓடுகிற பல்லியை இங்கே காசு கொடுத்து வாங்கி, பெயர் வைத்து வளர்ப்பார்கள். பெயர் அட்டையில் 'வாஃபிள்'. பக்கத்தில் தீனி போட்டவர் பட்டியல். செப்டம்பரிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் விக்கின் கையெழுத்து. இந்தச் சனி காலி.

"பல்லி செத்துப்போச்சா?"

"இல்ல சார், நல்லவேளை," என்றாள் வகுப்பாசிரியை டானா. "வெள்ளிக்கிழமை மேடம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பல்லின்னாலே அவங்களுக்கு அருவருப்பு. அவங்க போய் எடுத்துட்டுப் போனாங்கன்னா பாத்துக்குங்க."

ரோலி சின்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதைப் பார்க்காமலே போயிருக்கலாம்.

மதியம் 1.45. தலைமை ஆசிரியை அறை.

"விக் கிளம்புனது அஞ்சு மணிக்கு. கை தவறியிருந்தா அப்பத்தான் தவறியிருக்கணும். நீங்க நாலு மணிக்கே பல்லியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. பள்ளிக்குள்ள குளிரப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? விக்கை ஏன் வரவேண்டாம்னீங்க?"

மாய்சீ மறுக்கவில்லை.

"ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். நான்தான் அணைச்சேன். மாநிலம் வாடகைக்குத்தான் பணம் தரும், ரிப்பேருக்குத் தராது. அறக்கட்டளை புதுக் கட்டிடத்துக்குத்தான் தரும், அதுவும் பாதிப் பணத்தை நாங்க காட்டினா. பேங்க்காரன் சொந்த இடம் இருக்கான்னு கேக்கறான். பிளெஸ் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டறார், குழாய் வாடகைக்காரங்க பொறுப்புன்னு. பழைய குழாய் வெடிச்சா காசு தர்றது இந்த ஊர்லயே உங்க காப்பீடு மட்டும்தான் சார். நாலஞ்சு குழாய் வெடிக்கும்னு நினைச்சேன். இவ்வளவு நினைக்கல."

"விக் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டார். நீங்க சும்மா இருந்தீங்க."

"ஆமா," என்றார். பிறகு கேட்டார்: "பல்லியை அங்கயே விட்டிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

"தொட்டி முன்னாடி இருபது நிமிஷம் நின்னேன். விடத்தான் நினைச்சேன். முடியல."

மாலை 4.40.

தாழ்வாரத்தில் விக் உளியால் ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"நான்தான்னே எழுதுங்களேன் சார். அறுபத்தெட்டு வயசு எனக்கு. என்னை யாரு என்ன பண்ணிடப் போறாங்க?"

ரோலிக்குத் தன் தொழில்மேலேயே வெறுப்பாக இருந்தது. படிவத்தில் 'கைத்தவறு' என்பதை அடித்துவிட்டு உண்மையை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

ஐஸிலிருந்து சிவப்பு பூட்ஸ் வெளியே வந்தது. விக் அதைத் துடைத்து, உள்ளே எழுதியிருந்த பெயரைப் படித்து, நாளைக்குக் கேட்டு வருவாள் என்று பழக்கத்தில் பாய்லர் குழாய்மேல் காய வைத்தார். குழாய் சில்லென்று இருந்தது. எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டார்.