ஐம்பத்தெட்டாவது மூச்சு

நாலாம் அறையில் மட்டும் காற்று சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது.

ஏழு அறைகளிலும் ஒரே ஆப்பிள். ஒரே வாரத்தில் ஏற்றி, ஒரே குளிரில் பூட்டியவை. பறித்த பிறகும் பழம் மூச்சு விடும். விட விட முதிர்ந்து கெடும். அதனால் ஆக்சிஜனைத் துரத்திவிட்டு நைட்ரஜனை நிரப்பி, பழத்தை அரைமயக்கத்திலேயே வைத்திருப்பதுதான் அந்தக் கிடங்கின் தொழில். மற்ற ஆறு அறைகளும் சொன்ன பேச்சுக் கேட்டன. நாலாம் அறையின் ஆக்சிஜன் மீட்டரில் மட்டும் முள் தினமும் கணக்குக்கு மேல் இறங்கியது.

“உள்ளே கூடுதலா ஒரு ஆள் மூச்சு விடுறான் போல,” என்று மாமா சிரித்தார். அவனுடைய அக்காவின் கணவர். இந்த வேலையில் இருபது வருடம்.

அவன் சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு ஆள் இருந்தது உண்டு. போன வருடம், இதே அறை. தொப்பிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முகமூடி மாட்டி, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவர், விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண்ணை வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். வெளியே ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். எண் நின்றால் ஆளை இழுக்க வேண்டும். அன்று கேட்டவன் அவன். தொப்பிக்காரர் ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டார். நடைவழி விசிறியின் இரைச்சலில் அவனுக்கு ஐம்பத்தொன்பதும் கேட்டது. அறுபதும் கேட்டது. சந்தேகம் வந்து எழுந்தபோது நேரம் கடந்துவிட்டது. அவர் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமூடியைத் தானே கழற்றி மடியில் வைத்திருந்தார். நீலம் பாரித்த உதட்டில் சிரிப்பு.

பிறகு ஒரு நர்ஸ் வந்து வகுப்பு எடுத்தாள். “கெட்ட காத்து வெளியே போகலைன்னாதான் உடம்பு மூச்சு முட்டுதுன்னு கத்தும். நல்ல காத்து உள்ளே வரலைன்னா வாயே திறக்காது. ஜாலியா இருக்கும். அதான் பயம்.” ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் விரல் கிளிப்பை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் அதை மேசை இழுப்பறையில் போட்டார்கள். அவன் கழற்றுவதே இல்லை.

“மோதிரம் போடாத விரலுக்கு இதாவது கிடைச்சுதே, மாப்ளே,” என்பார் மாமா.

மீட்டருக்குப் போகிற குழாயில் அடைப்பாக இருக்கலாம், உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார். சிலிண்டர் செட் ஒன்றுதான் நல்ல நிலையில் இருந்தது, அதிலும் காற்று சில நிமிடங்களுக்குத்தான். அதை அவரே எடுத்துக் கட்டினார்.

“அக்கா காலையில போன் பண்ணிச்சு,” என்றான் அவன்.

“என்னவாம்?”

“உங்களைப் பத்திரமா கூட்டிட்டு வரணுமாம்.”

“நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்? நீ தூங்காம இரு, போதும். முடிஞ்சதும் மூணு தட்டு தட்டுவேன்.”

அறைக் கதவின் அடிப்பக்கத்தில், ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அதில் தட்டு அகலத்தில் கண்ணாடி. விளிம்பு ரப்பர் தேய்ந்ததிலிருந்து அந்தக் கதவு தானாக மூடி நிற்பதில்லை. ஆள் உள்ளே போனதும் வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவது பழக்கமாகிவிட்டது. போட்டான்.

பிறகு நடைவழியின் கோடிக்குப் போய் விசிறியை நிறுத்தினான்.

இந்தத் தடவை ஒரு எண்கூடத் தப்பக்கூடாது.

நிசப்தம் மெல்ல இறங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாக்கிடாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு, எங்கோ சொட்டுகிற தண்ணீரையும் குழல்விளக்கின் ரீங்காரத்தையும் ஒதுக்கிவிட்டு, ரப்பருக்குள் இழுபட்டு வெளியே சீறுகிற மாமாவின் மூச்சையும் அதன் வாலில் தொங்கிவரும் எண்ணையும் மட்டும் கேட்டான்.

“பன்னெண்டு… பதிமூணு…”

கிளிப்பில் தொண்ணூற்றேழு.

“இருபத்தாறு…”

ஆப்பிள் வாசனை வந்தது. இனிப்பாக, ஈரமாக, காலடியிலிருந்து மேலே ஏறி வந்தது. மூடிய கதவைத் தாண்டி வரக்கூடாத வாசனை. கொட்டாவி விட்டான். நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது, எதையோ துரத்துவது போல. பயம்தான் என்று நினைத்தான்.

“முப்பத்தஞ்சு…”

எண்பத்திரண்டு.

அதைப் பார்த்தான். திருப்பிப் போட்டால் இருபத்தெட்டு. மாமா முப்பத்தைந்தில் இருக்கிறார், இது எப்படி இருபத்தெட்டாகும்? சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக வராத சிரிப்பு. விரல் நுனிகள் இனிமையாகக் கூசின. நகங்கள் நாவல்பழம் தின்றவை போல இருந்தன.

அந்த விசிறி எதற்கு ஓடும்? கதவு இடுக்கில் கசிகிற நைட்ரஜனை வெளியே தள்ள. தெரிந்த விஷயம்தான். யாருக்கோ தெரிந்த விஷயம். எழுந்து போய்ப் போட வேண்டும். போடலாம். கோடியில் இருந்த சுவிட்ச், குழாய் வழியாகப் பார்ப்பது போல, சின்னதாகி எங்கோ தூரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நாப்பத்தெட்டு…”

எழுபது.

எண் ஒன்று ஏறுகிறது. ஒன்று இறங்குகிறது. எங்கேயாவது சந்தித்துக்கொள்ளும். நல்ல விஷயம்.

தட்டும் சத்தம்.

மூன்று தட்டு. வீட்டு வாசலில் யாரோ. அக்கா போய்த் திறப்பாள்.

மறுபடி மூன்று. பிறகு எண்ணிக்கை இல்லாமல். உள்ளங்கையால். முழங்கையால்.

குனிந்தான். ஸ்டூல் நழுவியது. முழங்கால் தரையில் விழுந்தது, வலிக்கவில்லை. கண்ணாடியில் மாமாவின் முகம். முகமூடிக்குள் வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. திற. திற. சிலிண்டரின் முள் சிவப்பில் கிடந்தது. அவர் விரல் கீழே காட்டியது.

தாழ்.

கை அதன் மேல்தான் இருந்தது. இரும்பு. குளிர்ச்சி. வழவழப்பு. இதை என்ன செய்வார்கள்?

“அம்பத்தஞ்சு…” என்றது வாக்கிடாக்கி.

நிதானமாக.

மாமாவின் வாய் எண்ணவில்லை. கத்திக்கொண்டிருந்தது. அவருடைய வாக்கிடாக்கி, பொத்தானை அழுத்த ஆளில்லாமல், தோளிலிருந்து தொங்கி ஆடியது.

“அம்பத்தாறு…”

அவருக்குப் பின்னால் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே இருட்டு. இருட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு தொப்பி.

“அம்பத்தேழு…”

கண்ணாடியில் அவன் முகமும் விழுந்திருந்தது. மாமாவின் முகத்தின் மேலேயே. நீல உதடு. சிரிக்கிற உதடு.

மாமா தட்டுவதை நிறுத்தினார். கையை மெல்ல முகமூடியின் வாருக்குக் கொண்டுபோனார்.

“அம்பத்தெட்டு.”

கிளிப்பிலும் அதுவே.

தாழின் மேல் கையை வைத்தபடி, தலையைச் சாய்த்து, வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டான். இந்தத் தடவை விசிறி இல்லை. இரைச்சல் இல்லை. ஒரு எண்கூடத் தப்பாது.

சிரித்துக்கொண்டே, ஐம்பத்தொன்பதுக்காகக் காத்திருந்தான்.