ஒன்பதாம் திட்டின் அளவு

மரத்தில் பூசிய வெள்ளை வளையம் அவள் தலைக்கு மேலே இருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன்பு அதைத் தன் மார்பு உயரத்தில், தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டரில், அவளே பக்கத்தில் நின்று பூச வைத்தாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். மரம் நுனியில்தான் நீளும். அடிமரத்தில் அறைந்த ஆணி நூறு வருடமானாலும் அறைந்த உயரத்திலேயே கிடக்கும். அப்படியானால் யாரோ பழையதை அழித்துவிட்டு மேலே பூசியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. இந்தத் திட்டுக்கு வந்து போகிறவர், இப்போது பக்கத்தில் நிற்கும் அளவையாளர் ஒருவர்தான். ஒரு நூல்கூடத் தவறாதவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்றே பெயர். ஆனால் வேலியே பயிரை மேயாதா? திட்டுக்கு ஒன்றாகச் சோதனைக்கு நட்ட பன்னிரண்டு மர இனங்களில் இந்த ஒன்பதாவதுதான் முன்னால் நிற்கிறது. மேலே போகப் போக மரம் மெலியும். அங்கே அளந்தால் இது தோற்று, நான்காவது ஜெயிக்கும். நான்காவதின் கன்றுகளை வளர்ப்பவர் இவருடைய மச்சான். திங்கட்கிழமை அவள் எந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடுகிறாளோ, அது ஆறாயிரம் ஹெக்டேரில் நடப்படும்.

"அண்ணா, இத எப்ப மாத்திப் பூசினீங்க?"

"நான் கை வெக்கல மேடம்." அவர் வளையத்தைப் பார்க்கவில்லை, மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரமே அடியிலேருந்து மேல வருது. போன வாரமே சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க நம்பமாட்டீங்க."

"அளந்துடலாம். டேப் நுனிய நீங்க கீழ பிடிங்க. தப்பு இருந்தா, திங்கக்கிழமை நீங்க வேலையில இருக்கமாட்டீங்க."

"அடியில கை வெக்கணுமா?"

"பின்ன, பூஜ்ஜியத்த எங்க வெப்பீங்க?"

பதினோரு வருட வேலை. அவர் இடுப்பளவு வளர்ந்திருந்த பெரணிச் செடிகளுக்குள் மண்டியிட்டு மறைந்தார்.

அவள் மரத்தில் சாய்த்திருந்த ஏணியில் டேப் பெட்டியோடு ஏறினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இலைக்கு இலை நீர் சொட்டும் சத்தமும், அழுகிய சருகின் புளித்த வாடையும், எட்டாம் திட்டில் கத்திக்கொண்டிருந்த தவளைகளின் இரைச்சலும் கலந்து வந்தபோதுதான், தன் காலடியில் இருக்கும் ஒன்பதாவதில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. டேப்பைப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பதினான்கு.

"கீழ இறக்காதீங்க."

"இறக்கல மேடம். தரையிலதான் இருக்கு."

இருநூற்று நாற்பது. டேப் அவள் விரல்களுக்கிடையே வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. குழி வெட்டி வைத்திருக்கிறார்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று அவளுக்குச் சின்னதாகச் சந்தோஷம்கூட வந்தது. கடகடவென்று இறங்கிப் பெரணியை விலக்கினாள்.

யாரும் இல்லை.

குழியும் இல்லை. ஈரச் சருகு கலையாமல் கிடந்தது. அதன் நடுவே டேப் நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டி அவள் கையில் சுழன்றது. ஐந்து மீட்டர். எட்டு. பதினொன்று.

"அண்ணா." மண்ணை நோக்கிக் குனிந்தாள். "விட்டுடுங்க. டேப்ப விட்டுடுங்க. நான் நம்பறேன்."

டேப் நின்றது.

வேர்களுக்கு வெகு கீழேயிருந்து அவருடைய குரல் வந்தது. வலியில்லை, பதற்றமில்லை. தினமும் கேட்கிற அதே குரல்.

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன் மேடம். எவ்வளவு வந்திருக்கு?"

டேப் மறுபடி ஓடத் தொடங்கியது.